கல்லா, மீனா

கெமரா என் மடியில் இருந்தது. போட்டுக்குள் தெறிக்கும் உப்புத் தண்ணீர் படக் கூடாது என்று துவாயில் சுற்றி வைத்திருந்தேன். மகள் பர்ஸானா சற்று முன்புதான் தண்ணீருக்குள் இருந்தபடி அதை எடுத்து நீட்டினாள்.

"மெமரி காட் நெறஞ்சிட்டு உம்மா. மத்தத தாங்க."

இரண்டாவது கெமராவை வாங்கிக்கொண்டு, குழாயை வாயில் கடித்து, முகத்தைத் திரும்பவும் கடலுக்குள் கவிழ்த்துக்கொண்டாள். காலில் மாட்டிய சப்பாத்துத் துடுப்பு இரண்டு தரம் அடித்தது. போய்விட்டாள்.

எனக்கு அந்தக் கெமராவில் ஒரேயொரு பொத்தான் தெரியும். அழுத்தினால் அடுத்த படம் வரும். வெயிலில் ஒன்றும் தெரியாது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, அந்த இருட்டுக்குள் கெமராவை வைத்துத்தான் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு படத்தில் மஞ்சள் நிறத்தில் தட்டையான சின்ன மீன், கண்ணுக்கு மேலாகக் கறுப்புக் கோடு. வடிவான மீன். இடது மூலையில் என் மகளின் இரண்டு விரல்கள். நீரோட்டம் இழுக்காமல் இருக்க, செத்துப்போன பவளக் கல்லொன்றைப் பிடித்திருந்தாள்.

விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு கல். பாசி பிடித்த கல்.

அந்தக் கல்லுக்கு வாய் இருந்தது.

துவாயால் கெமராத் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வாய் இல்லை. கெமராவைச் சரித்துப் பார்த்தேன். இருந்தது. கீழ்ப்பக்கமாக வளைந்து, கோபித்துக்கொண்ட கிழவியின் வாய் மாதிரி.

நிமிர்ந்து பார்த்தேன். இருபது பாகத் தூரம் தள்ளி, பர்ஸானாவின் குழாயின் செம்மஞ்சள் நுனி அதே இடத்தில்தான் ஆடிக்கொண்டு நின்றது.

துணைக்கு ஓர் ஆள்

கிழமைதோறும் பத்திரிகைக்கு நான் எழுதிவரும் என் கதையில், போன கிழமை உப்பளத்தில் வேலைக்குப் போனதைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அது கிடக்கட்டும். இந்தக் கிழமை இதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறவள் பர்ஸானாதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ளகர லகரம் எனக்கு எப்போதும் தகராறு. இதை மட்டும் அவளுக்குக் காட்டாமல் அனுப்புகிறேன். பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

நான் எப்படி அந்தப் போட்டுக்குள் வந்தேன் என்றால், என் வாயால்தான் வந்தேன். படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்த பர்ஸானாவுக்குக் கற்பிட்டிக் கடலில் ஒரு வேலை கிடைத்தது. கொழும்பிலிருந்து நிரோஷா மிஸ் என்று ஒருவர் வந்து, பாரில் என்னென்ன மீன், எத்தனை மீன் என்று எண்ணுகிறார். கடலுக்குள் பவளக் கல் வளர்ந்து கிடக்கும் மேட்டைத்தான் எங்கள் ஆட்கள் பார் என்பார்கள். மிஸ் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடியில் போவார். பர்ஸானா கண்ணாடியும் குழாயும் போட்டு மேலே மிதந்து படம் பிடிப்பாள்.

கேட்டவுடன் எனக்குச் சம்மதமில்லை. அவளுடைய வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார், நான் யாரைக் கேட்பேன்? "அன்னிய ஆம்புள ஓட்டுற போட்டுல கொமருப் புள்ளய தனிய அனுப்ப ஏலா. கூட ஒரு பொம்புள போகணும்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"சரி உம்மா. நீங்க வாங்க" என்றாள்.

மிஸ்ஸும் ஒரு பெண்தானே என்று அப்போது யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து கடல் தணிந்த நாளெல்லாம் நான் போட்டின் நடுப்பலகையில். கரையிலேயே லைப் ஜக்கட்டைக் கட்டிக்கொண்டுதான் ஏறுவேன். போட்டுக்காரர் அன்சார் கற்பிட்டியில் பிறந்து வளர்ந்தவர். முதல் நாளே என்னை அக்காவாக்கிக் கேட்டார்:

"ராத்தா, மன்னார்ப் பக்கம்தானே நீங்க? கடலக் கண்டா இவ்வளவு பயமா? புதினமா இருக்கே."

"எங்கட ஊருல ஆம்புளயள்தான் கடலுக்குப் போற" என்றேன். எங்களை விரட்டியபோது ஊரை விட்டு ஒரு பையோடு வெளிக்கிட்டு வந்த கதையை முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். கடற்கரையில் பிறந்தவள்தான். ஆனாலும் முழங்காலுக்கு மேல் கடல் நனைத்ததில்லை.

போட்டில் என் வேலை குழாய் நுனியைப் பார்ப்பது. அது தண்ணீருக்கு மேலே தெரிந்தால் பிள்ளை மூச்சு விடுகிறாள். அவள் முக்குளித்தால் அது மறையும். மறைந்தவுடன் நபி பேரில் ஸலவாத்து ஓதத் தொடங்குவேன். பதினோராவதுக்குள் வந்துவிடுவாள். ஒரு நாள் பதினாறு போய்விட்டது. அன்று தின்ற பாணும் சம்பலும் அப்படியே கடலுக்குப் போயின.

செத்த பிறகு சிவக்கும்

முதல் மாதத்திலேயே மிஸ் என்னிடம் மீன்களின் தமிழ்ப் பெயர் கேட்கத் தொடங்கினார். நாற்பது வருசமாக மீன் கழுவுகிற கை. பெயர் தெரியாமல் இருக்குமா? எனக்குக் கூச்சம்தான். முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்வேன், பர்ஸானா எழுதுவாள்.

"இது கலவாய். முள்ளுக் கொறவு, ஆணம் காய்ச்ச நல்லம். இது ஓரா. முள்ளுக் குத்தினா கடுக்கும். இது தின்னா கிரந்தி, சொறி இருக்கிற ஆக்களுக்குக் குடுக்க ஏலா. இது புள்ளப்பெத்தவங்களுக்குப் பத்தியத்துக்கு ஆகும்."

"உம்மா, மிஸ் கேக்கிறது பேர மட்டும்."

"நீ எழுது மகள். தேவப்படும்."

ஒரு நாள் வெள்ளை மீனொன்றைக் காட்டினாள். உடம்பில் மஞ்சள் கோடு, தாடையின் கீழே இரண்டு தாடி மயிர்.

"தெரியாது" என்றேன்.

"இது நகரை உம்மா."

"எனக்கா சொல்லித்தாற? நகரை செவப்பு. எத்தின நகரை பொரிச்சிருப்பன் நான்!"

பர்ஸானா சிரிக்கவில்லை. "உயிரோட இருக்கேக்க வெள்ள உம்மா. செத்தாத்தான் நல்லாச் செவக்கும்" என்றாள்.

எனக்குத் தெரிந்த மீனெல்லாம் செத்த மீன். என் பெயர்ப் பட்டியல் முழுவதும் மய்யித்துகளின் பட்டியல். அதற்குப் பிறகு எந்தப் படத்தைக் காட்டினாலும், "எனக்கிட்டக் கேட்டு எழுதாத, நான் பிழையாச் சொல்லிப்போடுவன்" என்று முதலில் சொல்லிவிடுவேன்.

சுறா வந்த நாள்

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கல்லுக்கு வாய் கண்ட நாளுக்கு மூன்று கிழமை முன்பு, போட்டுக்கும் மகளுக்கும் நடுவில் கறுப்பாக நீளமாக ஒன்று போவதைக் கண்டேன். தண்ணீர் இறைக்கிற டின்னை எடுத்துப் போட்டின் விளிம்பில் படார் படார் என்று அடித்தேன். களப்பு ஏரியில் மீனை வலைக்குள் விரட்ட எங்கள் ஆட்கள் அடிக்கிற அடி அது. தண்ணீருக்குள் வெகுதூரம் கேட்கும்.

பர்ஸானா பதறிப்போய் வந்தாள். அடியிலிருந்து மிஸ் வந்தார். பாரில் இருந்த மீனெல்லாம் ஓடிவிட்டதாம். அந்த எண்ணிக்கை முழுவதும் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சுறா என்று நான் சொன்னது, அறுந்து மிதந்து வந்த கடற்பாசிக் கும்பல்.

மிஸ் என் தோளில் தட்டி, "பயவென்ட எப்பா அம்மே" என்றார். பயப்பட வேண்டாமாம். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். கரைக்கு வருவதற்குள் அன்சார் போனில் சொல்லிவிட்டார் போல; தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "ராத்தா, இண்டைக்கு எத்தின சுறா?" என்றார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பர்ஸானா சொன்னாள்:

"உம்மா, என்னய நிரந்தரமா எடுக்கிறதா இல்லையாண்டு மிஸ் இந்த மாசம்தான் முடிவு சொல்லப்போறா. ஒங்கட பயத்த வீட்டுல வெச்சிட்டு வாங்க. ஏலாட்டி வராதீங்க."

நான் போகாவிட்டால் அவளும் போக முடியாது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்.

நானாவின் கால்

கல்லுக்கு வாய் இருப்பதை நான் ஏன் அப்படிப் பார்த்தேன் என்றால், என் மூத்த நானாவின் காலால்தான். நானா என்றால் எங்களுக்கு அண்ணன்.

நான் பள்ளிக்கூடம் போகிற வயது. நானா வலை இழுக்க இறங்கியவர், இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு சத்தம் போட்டார். ஆம்பிளை ஒருவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. தூக்கி வந்து மணலில் கிடத்தினார்கள். உள்ளங்காலில் மூன்று சின்னத் துளை. கண் முன்னால் கால் வீங்கியது. நானா மணலைத் தின்றார். வாய் நிறைய மணலை அள்ளிக் கடித்தார். பக்கத்து வீட்டு மாமி ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து, தாங்கக்கூடிய சூட்டில் காலை அதற்குள் பிடித்து வைத்திருந்தார். அதில்தான் கத்தல் கொஞ்சம் அடங்கியது.

உயிர் தப்பியது. ஆனால் பெருவிரல் கடைசிவரை மரத்தே இருந்தது. செருப்புக் கழன்று விழுந்தால் நானாவுக்குத் தெரியாது. நாங்கள்தான் பின்னால் எடுத்துக்கொண்டு போவோம்.

எங்கள் வாப்பா அந்த மீனைத் துடுப்பால் அடித்துக் கரையில் போட்டார். கல்லுமீன் என்றார்கள். மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது. வாய் மட்டும் கீழ்ப்பக்கமாக வளைந்திருந்தது. மற்ற மீன் மாதிரி அது ஓடாதாம். மிதிக்கிறவன் மிதிக்கட்டும் என்று கிடக்குமாம்.

அதையும் நான் செத்த பிறகுதான் கண்டேன்.

டின்

போட்டுக்கு வருகிறேன். கெமரா என் மடியில். குழாய் நுனி அதே இடத்தில்.

பாரில் நங்கூரம் போடக் கூடாது, பவளம் உடையும். ஆகையால் அன்சார் மணல் உள்ள இடத்தில் நீளக் கோலை ஊன்றி, அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கோலை விட்டால் போட் போய்விடும்.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க."

ஒரு கையால் கோலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "கல்லு ராத்தா."

"வாய் இருக்கே."

"எனக்குக் கிட்டப் பார்வ சரியில்ல. ஆனா கல்லுதான். மிஸ் கீழ எண்ணிக்கிட்டு இருக்கா. இண்டைக்கும் டின்ன எடுக்காதீங்க ராத்தா, புள்ளட வேல போயிடும்."

"கிட்டப் போக ஏலாதா?"

"கிட்டப் போனா போட்டு அடி பாருல முட்டும்."

உட்கார்ந்தேன். கல்லுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளை நகரையை நகரை இல்லை என்றவள் நீ. பாசியைச் சுறா என்றவள் நீ. படத்தைத் திரும்பப் பார்த்தேன். வாய் இல்லை. இருந்தது. குழாய் நுனி மறைந்தது. முக்குளித்துவிட்டாள். அடியில் போனால் எதையாவது பிடித்துத்தான் நிற்பாள். ஸலவாத்து ஓதத் தொடங்கினேன். ஏழாவது ஓதும்போது கை டின்னில் இருந்தது.

அடித்தேன்.

"ராத்தா!" என்று அன்சார் கத்தினார்.

பர்ஸானா மேலே வந்தாள். கண்ணாடிக்குள் இருந்து என்னைப் பார்த்தாள். அந்தத் தூரத்திலும் எனக்கு அவள் முகம் தெரிந்தது. கையை உயர்த்தி, ஒன்றும் இல்லை, இருங்கள் என்று அசைத்தாள். நான், "கைய எடு மகள்! கல்லுல வெக்காத!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். வாழ்நாளில் ஆட்கள் முன்னால் கத்திப் பழகாதவள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவள் முகத்தைத் திரும்பவும் கவிழ்த்துக்கொண்டாள்.

இனி டின்னை எத்தனை தரம் அடித்தாலும் அவள் நிமிர மாட்டாள்.

போட்டின் கயிற்றை எடுத்து என் ஜக்கட்டின் பட்டியில் கட்டினேன்.

"என்ன செய்றீங்க ராத்தா? நீந்த ஏலாதே ஒங்களுக்கு!"

"தண்ணி அந்தப் பக்கம்தானே ஓடுது? நீங்க கயிற கொஞ்சம் கொஞ்சமா விட்டுத் தாங்க."

"அல்லாஹ்வே! எனக்குப் பதில் சொல்ல ஏலா!"

அந்த நேரத்திலும் எனக்கு வந்த நினைப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உடுப்பு நனைந்தால் உடம்போடு ஒட்டுமே என்றுதான் நினைத்தேன். "தம்பி, நீங்க அங்கால திரும்பி நில்லுங்க" என்றேன்.

"நான் திரும்பினா ஒங்கட கயிற யாரு பாக்கிற?"

பிஸ்மி சொல்லி விளிம்பால் வழுக்கினேன்.

உயிரோடு

குளிர். மூக்கால் தண்ணீர் ஏறி மண்டையில் சுரீர் என்றது. சாரி குடை மாதிரி விரிந்து மேலே வந்தது. இரண்டு கையாலும் அதை அமுக்கினேன். கால் எங்கும் முட்டவில்லை. நீரோட்டம் என்னை ஒரு மூட்டையைத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டு போனது. பின்னால் அன்சார், உயிர் போகும் நேரத்துக் கலிமாவைச் சத்தமாகச் சொல்வது கேட்டது. எனக்காகவா தனக்காகவா தெரியாது.

கையில் அகப்பட்டது அவளுடைய துடுப்பு. விடாமல் பிடித்தேன். சுறா பிடித்ததென்று நினைத்திருப்பாள், உதைத்தாள். என் தோளில் பட்டது. பிறகு நிமிர்ந்தாள்.

"உம்மா! பைத்தியமா ஒங்களுக்கு!"

"கைய எடு."

"என்ன கை?"

"கல்லுல கை வெக்காத. அது கல்லுமீன். நானாக்குக் குத்தினது."

அவள் இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். பத்து விரலையும் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துளை இல்லை.

"எங்க உம்மா? காட்டுங்க."

தன் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டி, பின்னாலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்து முகத்தை வைத்தேன்.

கை எட்டும் தூரம் போலத் தெரிந்தது தரை. நீலமாகச் சின்ன மீன்கள் ஒன்றாகத் திரும்பின. எனக்குத் தெரிந்த ஒன்றும் அங்கே இல்லை. ஒன்று மட்டும் தாடியால் மணலைத் தடவிக்கொண்டு போனது. வெள்ளை உடம்பு, மஞ்சள் கோடு. நகரை.

அதற்கு அப்பால் கல். எல்லாம் கல். செத்த பவளம், பாசி, மண் நிறம். நூறு கல் இருக்கும். எதற்கும் வாய் இல்லை. எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. நான் ஒன்றைக் காட்டினேன். மூச்சு முட்டி நிமிர்ந்து, திரும்பக் குனிந்து வேறொன்றைக் காட்டினேன்.

மிஸ் குமிழி விட்டுக்கொண்டு மேலே வந்தார். பர்ஸானா சிங்களத்தில் சொன்னாள். மிஸ் கீழே போய் நான் காட்டிய கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். ஒரு கல்லும் அசையவில்லை. அன்றைய எண்ணிக்கை அத்தோடு முடிந்தது.

போட்டில் ஏறினோம். அன்சார் தன் சேர்ட்டைக் கழற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எனக்கு நீட்டினார்.

பெயர்

மிஸ், பர்ஸானா எடுத்த அந்த மஞ்சள் மீன் படத்தைத் தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்பினார். பதில் வரும்வரை நான் நோன்பு பிடிப்பேனென்று நேர்ந்துகொண்டேன். வந்த பதில் இவ்வளவுதான்: இருக்கலாம். மூலையில் தெளிவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது.

பர்ஸானாவின் வேலை போகவில்லை. எடுத்துக்கொண்டார்கள். கல்லுமீனுக்காகவா, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஒரு நாள் பின்னேரம் அவள் நிரப்பிக்கொண்டிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். மீனின் பெயர் என்ற இடத்தில் கல்லுமீன் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். கண்டவர் என்ற இடத்தில், சித்தி ஜெஸீமா. என் முழுப் பெயர்.

"படம் எடுத்தது நீதானே? ஒன்ட பேரல்லவா போடணும்?"

"எடுத்தது நான்தான் உம்மா. ஆனா நான் காணல்லியே. நீங்கதானே கண்ட."

இப்போது எந்தக் கல்லிலும் அவள் கை வைப்பதில்லையாம். நான் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் சொல்கிறாள்.

அந்தத் தாள் கொழும்புக்குப் போய்விட்டது. அது கல்லென்றால், படித்தவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு கல்லுக்கு நேரே என் பெயர் கிடக்கிறது. மீனென்றால், அது இன்னும் அங்கேயே, என் மகள் போகிற இடத்தில் கிடக்கிறது. தொழுதுவிட்டுக் கையேந்தும்போது இரண்டில் எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

நாளைக்கும் கடல் தணிவாம். அன்சார் சொல்லி அனுப்பியிருக்கிறார். துவாயைக் கழுவிக் காயப்போட்டு மடித்து வைத்துவிட்டேன்.